இறால் நாளில் டெஸ்ட் வைக்காதீர்கள்

பிள்ளைகளின் படிப்பை அளக்கிற வேலைக்கு வந்தவர்கள் முதலில் இழப்பது, பஸ் ஸ்டாண்டில் நிம்மதியாக நிற்கிற சுகத்தை. கடையில் கத்திரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தாலும் முதுகுக்குப் பின்னால் "மிஸ், எம்புள்ளைக்கு அரை மார்க்கு..." என்று ஒரு குரல் வரும். மார்க் போட்டு வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்ட எல்லோருக்கும் இது தெரியும். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கலாம், அரை மார்க் கேட்டு வராதவரை.

நான் சென்னையில் கன்னியாஸ்திரிகளிடம் படித்து, பழவேற்காட்டில் வாழ்க்கைப்பட்டவள். பிள்ளைகள் இரண்டும் காலேஜுக்குப் போய்விட்டன. வீட்டில் திட்டுவதற்கு ஆளில்லாமல் இருந்த நேரத்தில்தான் எங்கள் ஊர் தனியார் பள்ளியின் கரஸ்பாண்டன்ட் கூப்பிட்டார். எட்டாவது வரை உள்ள பள்ளி. ஆனால் ஐந்தாவது முடிந்ததும் கெட்டிக்காரப் பிள்ளைகளை பொன்னேரி கான்வென்டுக்குத் தயார் செய்து அனுப்புகிறோம் என்று போர்டிலேயே எழுதி வைத்திருப்பார்கள். நான் பாடம் நடத்துவதில்லை. டெஸ்ட் வைப்பது, திருத்துவது, ரிப்போர்ட் கார்டு போடுவது, யார் ஏறுகிறார்கள் யார் இறங்குகிறார்கள் என்று கரஸ்பாண்டன்டுக்குச் சொல்வது. ஆர்டரில் ஏதோ பெரிய பதவிப் பெயர் போட்டிருக்கிறது. ஊரில் எனக்குப் பெயர் "மார்க்கு மிஸ்".

சிவப்பு

கரஸ்பாண்டன்ட் ஒரு சாஃப்ட்வேர் வாங்கினார். மார்க்கைப் போட்டால் அதுவே கோடு வரைந்து, கலரும் அடித்துக் கொடுக்கும். நன்றாகப் படித்தால் பச்சை, சுமாராக இருந்தால் மஞ்சள், மோசமென்றால் சிவப்பு. முதல் முறை கார்டு கொடுத்து அனுப்பிய மறுநாள் லைட்ஹவுஸ் குப்பத்துப் பையன் ஒருவன் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. அவமானத்தில் பையன் முடங்கிவிட்டானோ என்று எனக்கே கொஞ்சம் உறுத்தியது. சாயங்காலம் பஸ் ஏறி அவன் வீட்டுக்கே போனேன்.

அவன் அப்பா மணலில் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தார். பையன் பக்கத்தில் ஜாலியாகக் காராபூந்தி தின்றுகொண்டிருந்தான். ஏன் ஸ்கூலுக்கு அனுப்பவில்லை என்று கேட்டதும் அந்த மனிதர் எழுந்து நின்று, உள்ளே போய், கார்டை எடுத்துவந்து என்னிடமே காட்டினார். கடலுக்குப் போகிறவருக்கு சிவப்பு என்றால் ஒரே அர்த்தம்தான். டிவியில் சிவப்பு வந்தால் போட்டைக் கரையேற்றிவிட்டு வீட்டில் இருக்க வேண்டும்.

"நீங்கதான மிஸ் ரெட்டு அலர்ட்டு குடுத்தீங்க? எப்ப எடுப்பீங்கன்னு தான் பாத்துனு இருக்கேன்."

முறை

ஐந்தாம் வகுப்பில் ஃபர்ஸ்ட் ரேங்குக்கு இரண்டு பேர். ஒன்று தர்ஷினி. வாய் ஓயாது, கண்ணும் ஓயாது. அவள் அம்மா பூங்கொடி, அப்பா ஏழுமலை, ஏரிக்கரைக் குப்பத்தில் வீடு, இருவருக்கும் பழவேற்காடு ஏரிதான் பிழைப்பு. பெண்ணை எப்படியாவது பொன்னேரி கான்வென்டில் ஆறாவது சேர்த்துவிட வேண்டும் என்பது பூங்கொடியின் ஒரே ஜபம். என்னை எங்கே பார்த்தாலும் "கெடச்சிடும் இல்ல மிஸ்?" என்பாள். வணக்கம் சொல்வதற்குப் பதில் அதுதான். இன்னொன்று லோகேஷ். அதே குப்பம், நாலு வீடு தள்ளி. அவன் அம்மா தேவகிக்கும் பூங்கொடிக்கும் பேச்சுவார்த்தை உண்டு, ஆனால் அதைக் கேட்டால் சண்டை என்றுதான் நினைப்பீர்கள்.

காலாண்டில் தர்ஷினி ஃபர்ஸ்ட். அடுத்த டெஸ்டிலும் அவளே ஃபர்ஸ்ட். மறுநாள் காலை தேவகி இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு வந்து என் மேஜைக்கு முன்னால் நின்றாள். மார்க்கில் தப்பு என்று சொல்லவில்லை. பையன் அவளைவிட நன்றாக எழுதினான் என்றும் சொல்லவில்லை. அவள் கேட்டது நியாயம். அந்தக் குப்பத்தில், ஏரியில் வலை கட்டுகிற நல்ல இடத்துக்கு முறை உண்டு. இன்று ஒரு கூட்டம் கட்டினால் நாளைக்கு இன்னொரு கூட்டம். சீட்டுக் குலுக்கிப் போட்டு, சண்டை வராமல் பெரியவர்கள் பிரித்து வைத்த ஏற்பாடு. பாடு என்பார்கள். எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் அடுத்தவன் பாடு வரும் நாளில் போய் வலை கட்ட முடியாது. ரேங்க் அப்படி இல்லையம்மா என்று நான் இங்கிலீஷும் தமிழும் கலந்து விளக்கினேன். கேட்டுக்கொண்டாள். முகத்தில் என் மேல் இரக்கம் தெரிந்தது.

"ஒரே ஊட்டுக்கே ரெண்டு தபா குடுத்தா ஊருல சண்ட வராதா மிஸ்? படிச்சவங்க நீங்க, இதுகூடத் தெரியாதா?"

பங்கு

காப்பி அடிப்பதைக் கண்டுபிடிப்பதில் நான் கெட்டிக்காரி. கன்னியாஸ்திரிகள் எனக்குக் கற்றுக்கொடுத்ததிலேயே உருப்படியானது அதுதான். அறிவியல் டெஸ்டில் கடைசி பெஞ்சில் நாலு பேருக்கும் ஒரே பதில்கள், ஒரே தப்புகள். நாலு பேரையும் நிற்க வைத்து யாரைப் பார்த்து யார் எழுதினீர்கள் என்று கத்தினேன். நாலு பேரும் திருதிரு என்று விழித்தார்கள். பயத்தில் அல்ல, கேள்வி புரியாமல்.

விசாரித்ததில், அது காப்பியே இல்லை, ஏற்பாடு. நாலு பாடம், நாலு பேர். ஆளுக்கு ஒரு பாடம் படித்துக்கொண்டு வந்து, பரீட்சையில் வருவதை நாலு பேரும் சமமாகப் பிரித்துக்கொள்வது. அவர்கள் அப்பாக்கள் ஒரே வலையில் போகிறவர்கள். வலையில் விழுந்தது யார் பக்கம் விழுந்தது என்று அங்கே யாரும் கேட்பதில்லை, கரைக்கு வந்ததும் பங்குதான். நாலு பேருக்கும் பூஜ்யம் போட்டேன். அதையும் சமமாகத்தான் வாங்கிக்கொண்டார்கள். அவர்களில் கொஞ்சம் தைரியசாலி, என் மேஜை வரைக்கும் வந்து, ஆறுதல் சொல்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போனான்.

"எல்லாத்தையும் ஒருத்தன் தலைல ஏத்துனா கவுந்துடும் மிஸ்."

கைக்கு லீவு

நவம்பர் வாக்கில் கரஸ்பாண்டன்ட் என்னைக் கூப்பிட்டு, சாஃப்ட்வேர் வரைந்த தர்ஷினியின் கோட்டைக் காட்டினார். கோடா அது? ஒரு வாரம் மேலே, அடுத்த வாரம் தரைக்குக் கீழே, மறுபடி மேலே. முறை கேட்டுவந்த தேவகிக்கு முறையே கிடைத்துவிட்டது. லோகேஷ் நடுநடுவே ஃபர்ஸ்ட். பொன்னேரி கான்வென்டுக்கு வருடத்துக்கு ஒரு பெயர்தான் அனுப்புவோம், அங்கே ஒரு வருடத்து மார்க் முழுவதையும் கேட்பார்கள். இப்படி ஏறி இறங்குகிற பிள்ளையை அனுப்பினால் பள்ளி மானம் போய்விடும், அவள் பெயரை எடுத்துவிட்டு லோகேஷை அனுப்பலாம் என்றார். ஜனவரிக்குள் கோடு நேரானால் பார்க்கலாம் என்றார். கோடு நேராவதற்கு இஸ்திரியா போட முடியும்?

எனக்குக் கோபம், யார் மேல் என்று தெரியாத கோபம். அடுத்த டெஸ்டில் அவள் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். பென்சிலைக் கட்டைவிரலுக்கும் உள்ளங்கைக்கும் நடுவே, கரண்டி பிடிக்கிற மாதிரி பிடித்துக்கொண்டு, ஒரு வரிக்கு ஒரு முறை ஊதிக்கொண்டிருந்தாள். மணி அடித்தபோது பேப்பர் பாதிதான் நிரம்பியிருந்தது. கையை நீட்டச் சொன்னேன். விரல் நுனியெல்லாம் சின்னச் சின்னக் குத்துகள், சிவந்து வீங்கியிருந்தன. அவள் அப்பாவின் பாடு வரும் நாள் என்றால் விடியும்போது வலை கரைக்கு வரும். ஐஸ் வண்டி வந்து நிற்பதற்குள் அம்மாவும் பெண்ணும் இறாலைப் பெரிசு, சின்னது என்று பிரித்துவிட வேண்டும். வேகமாகப் பிரித்தால் இறாலின் கொம்பு விரலில் ஏறும். அதுகளும் சும்மாவா சாகும்? இதை ஏண்டி முன்னாலேயே சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்கவே இல்லையே என்ற முகத்தோடு, தோளைக் குலுக்கினாள்.

"வாயில கேளுங்க மிஸ், அல்லாத்தையும் சொல்றேன். கைக்குதான் இன்னிக்கு லீவு."

அங்கேயே நிற்க வைத்து வாயில் கேட்டேன். எல்லாவற்றையும் சொன்னாள். கேட்காததையும் சொன்னாள்.

ஏரியின் அனுமதி

பூங்கொடியிடம் போய், பிள்ளையை வேலை வாங்குகிறாயே என்று ஒரு மூச்சு திட்டினேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "நானு வேணாம்னுதான் மிஸ் சொல்றேன். அவளா எழுந்து வந்து குந்திக்கிறா. தனியா பிரிச்சா வண்டிக்குள்ள முடியல" என்றாள். ஏழுமலையைக் கூப்பிட்டு, அந்தக் குப்பத்தின் பாடு வரும் நாட்களை எல்லாம் வரிசையாகச் சொல்லச் சொன்னேன். மனிதர் கண்ணை மூடிக்கொண்டு, காலாண்டில் தொடங்கி பொங்கல் தாண்டியும் சொன்னார். எந்தக் கூட்டத்துக்கு என்றைக்கு, யார் பிள்ளை எந்த வகுப்பு, எல்லாம். மார்க் நோட்டோடு வைத்துப் பார்த்தால், தர்ஷினி மட்டுமல்ல, அந்தந்த நாளில் அந்தந்த வீட்டுப் பிள்ளைகளின் மார்க்கும் பொத்தென்று விழுந்திருந்தது. இவ்வளவு நாளாக நான் அளந்தது பிள்ளைகளின் மூளையை அல்ல, ஏரியில் இறால் வந்ததையும் வராததையும்.

கரஸ்பாண்டன்டிடம் போய், வாராந்திர டெஸ்டைத் திங்கட்கிழமைக்குக் கட்டிப் போடாதீர்கள், ஒவ்வொரு கூட்டத்துப் பிள்ளைகளுக்கும் அவர்கள் பாடு இல்லாத நாளில் வைக்கிறேன் என்றேன். "ஏரியக் கேட்டுதான் நான் ஸ்கூல் நடத்தணுமா மேடம்?" என்று கத்தினார். நானும் கத்தினேன். என் தொண்டை பெரியது. ஒரு மாதம் தருகிறேன் என்றார். டிசம்பர் முழுவதும் அப்படியே டெஸ்ட் வைத்தேன். எனக்கு வேலை இரட்டிப்பு, கேள்வித்தாளும் இரட்டிப்பு. ஜனவரியில் சாஃப்ட்வேரைத் திறந்து பார்த்தால், தர்ஷினியின் கோடு கயிறு கட்டி இழுத்த மாதிரி நேராக இருந்தது. தேவகி மகனும் ஏறியிருந்தான். கரஸ்பாண்டன்ட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு பெருமையாக என்னைப் பார்த்தார்.

"நான் அப்பவே சொன்னேன் பாத்தீங்களா? சாஃப்ட்வேர் நல்லா வேலை செய்யுது, மேடம்."

அப்பாவும் வர வேண்டும்

தர்ஷினியின் பெயரையே அனுப்பி வைத்தோம். பொன்னேரியிலிருந்து தேதியும் வந்தது. காலை ஒன்பது மணிக்கு எழுத்துத் தேர்வு, முடிந்த கையோடு நேர்காணல், தாய் தந்தை இருவரும் கட்டாயம் வர வேண்டும். ஏழுமலை தேதியைக் கேட்டதும் விரலை மடக்கிப் பார்த்தார். முகம் தொங்கிவிட்டது. அதற்கு முந்தின இரவு அவர் பாடு. அதுவும் அமாவாசையை ஒட்டி. அந்த இருட்டில்தான் இறால் அள்ளும். வருடத்தில் அப்படிப்பட்ட நாள் விரல் விட்டு எண்ணுகிற அளவுதான் வரும். போகாவிட்டால் கூட்டத்தில் ஒரு ஆள் குறையும், மற்றவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது? போனால், விடியற்காலை வலை தூக்கி, பிரித்து, ஐஸ் போட்டு அனுப்பிவிட்டு ஒன்பது மணிக்குப் பொன்னேரியில் நிற்க ஹெலிகாப்டர்தான் வேண்டும். பெண்ணின் விரலை வேறு காப்பாற்ற வேண்டும்.

நானே கான்வென்டுக்குப் போன் போட்டேன். எடுத்தது ஒரு சிஸ்டர். அந்தக் குரலை எனக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே தெரியும், ஆள் வேறாக இருந்தாலும் குரல் ஒன்றுதான். முதுகு தானாக நிமிர்ந்துவிட்டது. என்னுடைய மிக உயர்ந்த இங்கிலீஷில், அம்மா மட்டும் வந்தால் போதுமா, அல்லது தேதியை மாற்ற முடியுமா என்று கேட்டேன். முடியாது, எல்லாப் பெற்றோருக்கும் ஒரே விதி என்றார். பாடு என்றால் என்னவென்று விளக்கினேன், ஏரியை விளக்கினேன், அமாவாசையை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, கடைசியில் தமிழுக்கு மாறினார்.

"அதெல்லாம் சரிம்மா, அவர் ஆஃபீஸ்ல ஒரு நாள் லீவு சொல்லக் கூடாதா?"

தர்மம் இல்லை

ஏழுமலை பொன்னேரிக்குப் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டார். பெண்ணையும் அனுப்புவதில்லை என்று. "அடுத்த வருசம் பாத்துக்கலாம் மிஸ்" என்றார். அடுத்த வருடம் ஆறாவதில் சேர்க்க மாட்டார்கள் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பூங்கொடி என்னைப் பார்த்து "கெடச்சிடும் இல்ல" என்று கேட்பதையே விட்டுவிட்டாள். அது எனக்குத் தாங்கவில்லை. தர்ஷினி மட்டும் பையிலிருந்து எதையோ எடுத்துப் படித்துக்கொண்டே இருந்தாள். யாரும் அவளிடம் சொல்லவில்லை என்று நினைத்தேன். சொல்லியிருந்தார்கள். அப்படியும் படித்தாள்.

தேர்வுக்கு இரண்டு நாள் முன்னால், சாயங்காலம், மீன் ஏலம் விடுகிற இடத்தில் காய்ந்த கருவாட்டுக்கு நடுவே தேவகியைப் பார்த்தேன். பார்க்காத மாதிரி போகலாம் என்று நினைத்தேன், விடவில்லை. என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். அவள் வீட்டுக்காரர் பாடு, ஏழுமலையின் முறைக்கு முந்தின ராத்திரிதான். அதை முடித்துவிட்டு மறுநாள் ஏழுமலைக்குப் பதிலாக அவர் இறங்குவதாகப் பெரியவர்களிடம் பேசி முடித்துவிட்டாளாம். ரெண்டு ராத்திரி தொடர்ந்து தூங்காமல் தண்ணீரில் நிற்க வேண்டும். அன்றைய பங்கு ஏழுமலை வீட்டுக்கே. பின்னால் ஒரு நாள் அவர் இவர்களுக்காக இறங்கினால் போதும். காலையில் இறால் பிரிக்க இவளே போய் உட்காரப் போகிறாள். உனக்கு ரொம்பப் பெரிய மனசு தேவகி என்றேன். அவளுக்கு அது பிடிக்கவில்லை. கையை உதறிக்கொண்டாள்.

"இன்னா பெரிய மன்சு? அந்தப் பொண்ணு பொன்னேரிக்குப் போயிட்டா இங்க எம்புள்ள தான் ஃபர்ஸ்ட்டு. நானு ஒண்ணும் தர்மத்துக்குச் செய்யல மிஸ், பூங்கொடிகிட்ட போய் பெரிய மன்சுன்னு சொல்லிடாதீங்க."

நேர்காணல்

நானும் கூடப் போனேன். யாரும் கூப்பிடவில்லை. காலை முதல் பஸ்ஸில் ஏழுமலை இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், கல்யாணத்துக்குப் போகிற மாதிரி விறைப்பாக உட்கார்ந்திருந்தார். பூங்கொடி பெண்ணின் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஒரு குத்துக்கூட இல்லை. "வுடும்மா, கூசுது" என்று தர்ஷினி இழுத்துக்கொண்டாள். எழுத்துத் தேர்வு முடிந்து வெளியே வந்தவளிடம் எப்படி என்று கேட்டேன். கேள்வி கொஞ்சம்தான் இருந்தது, நேரம் நிறைய இருந்தது என்றாள். பதில் எழுதிய பேப்பரையே பார்க்க எனக்குக் கை பரபரத்தது. இது என் பேப்பர் இல்லை என்று நானே என்னை அடக்கிக்கொண்டேன்.

நேர்காணலுக்கு என்னையும் உள்ளே விட்டார்கள், ஓரத்தில். மேஜைக்கு அந்தப்புறம் போனில் பேசிய சிஸ்டர். தர்ஷினியிடம் ஏதோ கேட்டார், அவள் ஒன்றுக்கு மூன்றாகச் சொன்னாள், சிஸ்டர் சிரிப்பை மறைக்க ஃபைலைப் புரட்டினார். அப்புறம் தந்தை பக்கம் திரும்பினார். வீட்டில் பெண் படிப்பதற்கு நீங்கள் எப்படி உதவுகிறீர்கள் என்பது கேள்வி. எல்லா வீட்டுக்கும் இதைத்தான் கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும். டியூஷன், டிக்‌ஷனரி, காலையில் எழுப்பி ஹார்லிக்ஸ் என்று ஏதாவது சொல்லுங்கள் என்று பஸ்ஸிலேயே சொல்லிக்கொடுத்திருந்தேன். ஏழுமலை எல்லாவற்றையும் மறந்துவிட்டார். சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு, உள்ளதைச் சொன்னார்.

"அவ படிக்கிறப்ப நானு குறுக்க போறதில்ல, சிஸ்டர். எனக்குத் தெரிஞ்ச ஒதவி அதான்."

பக்கத்தில் தர்ஷினி "நைனா!" என்று அடிக்குரலில் அதட்டினாள். சிஸ்டர் ஃபைலில் ஏதோ எழுதி மூடினார். வாரக் கடைசியில் கடிதம் வந்தது. சீட் கிடைத்துவிட்டது. பூங்கொடி ஏலக் கூடத்து வாசலில் வைத்து என்னைக் கட்டிப்பிடித்தாள். என் நல்ல சேலை முழுவதும் மீன் வாடை. திட்டுவதை நாளைக்கு வைத்துக்கொண்டு, நானும் கட்டிப்பிடித்தேன்.

ஜூன் மாதம் புது ஆறாம் வகுப்பின் சராசரி சட்டென்று இறங்கிவிட்டதாக சாஃப்ட்வேர் சிவப்பு காட்ட, கரஸ்பாண்டன்ட் என்னிடம் எழுத்தில் விளக்கம் கேட்டார். ஒரு பிள்ளை நன்றாகப் படித்து வேறு பள்ளிக்குப் போய்விட்டதால்தான் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து, பூங்கொடி கொடுத்தனுப்பிய நண்டைக் காரமாகக் குழம்பு வைத்து ஒற்றை ஆளாகச் சாப்பிட்டு முடித்தேன்.